ஏழு குன்றுகளுக்கு நடுவே ஓர் ஊர்



பள்ளிக்கூடம் லீவு விட்டதும் நம் வீடுகளில் கேட்கும் முதல் கேள்வி, "இந்தத் தடவை எங்கேம்மா போறோம்?" என்பதுதான். ஊட்டி, கொடைக்கானல் என்று கிளம்பினால் பஸ் சார்ஜ், ரூம் வாடகை, ஓட்டல் சாப்பாடு என்று ஒரு மாதச் சம்பளமே கரைந்துவிடுகிறது. திரும்பி வந்ததும் குழந்தைகளுக்குச் சளி, நமக்கு முதுகு வலி! அதனால்தான் இந்தப் பகுதியில், கட்டுச்சாதத்தை எடுத்துக்கொண்டு காலையில் போய் மத்தியானமே திரும்பிவிடக்கூடிய இடங்களாகப் பார்த்து எழுதி வருகிறேன். இந்த இதழில் மதுரைப் பக்கம் போகலாம். ஊரின் பெயர் அரிட்டாபட்டி.

மதுரையிலிருந்து மேலூர் போகும் சாலையில் நரசிங்கம்பட்டி என்று ஓர் ஊர் வரும். அங்கே பெரிய ரோட்டை விட்டு உள்ளே திரும்ப வேண்டும். மதுரையிலிருந்து மொத்தம் 25 கிலோமீட்டர் இருக்கும், அவ்வளவுதான். மதுரையிலேயே பிறந்து வளர்ந்தவர்களில் எத்தனை பேர் இங்கே போயிருப்பார்கள் என்று கேட்டால், விரல் விட்டு எண்ணிவிடலாம். எனக்குத் தெரிந்த மூன்று குடும்பங்களைக் கேட்டேன். மூன்று பேருமே, "பெயர் பேப்பரில் பார்த்திருக்கோம், போனதில்லை" என்றார்கள்.

ஊரைச் சுற்றி ஏழு கருங்கல் குன்றுகள். அவற்றுக்கு நடுவே மரங்கள், வயல்கள், கண்மாய்கள். மேலூர் ரோட்டில் பஸ்ஸில் போகிறவர்களுக்கு உள்ளே இப்படி ஓர் இடம் ஒளிந்திருப்பது தெரியவே தெரியாது. குன்றுகளுக்கு ஊர்க்காரர்கள் வைத்திருக்கும் பெயர்களைக் கேட்டாலே ஆசையாக இருக்கிறது. கழிஞ்சமலை, கழுகுமலை, தேன்கூட்டு மலை, வயத்துப்பிள்ளான் மலை. கடைசிப் பெயரைக் கேட்டதும் என்னுடன் வந்த நாத்தனார் சிரித்தேவிட்டாள்!

"வெறும் பாறையைப் போய் என்ன பார்ப்பது?" என்று உங்களுக்குத் தோன்றலாம். நம் வீட்டு அம்மியையும் ஆட்டுக்கல்லையும் நினைத்துக்கொள்ளுங்கள். அதே இனத்துக் கல்தான் இது. பூமிக்கு அடியில் வெகு ஆழத்தில் உருகிய குழம்பாக இருந்து, மெல்ல மெல்ல ஆறி இறுகியது. மதுரைப் பக்கத்துக் கிரானைட் பாறைகளுக்கு ஐம்பது கோடி வருஷத்துக்கு மேல் வயது சொல்கிறார்கள். மேலே இருந்த மண்ணும் மெதுவான கல்லும் மழையில் கரைந்து போக, கரையாமல் நின்றுவிட்டது இந்தக் கெட்டிப் பாறை. மேலே அழுத்திக்கொண்டிருந்த பாரம் குறையக் குறைய, வெங்காயம் தோல் உரிவது போல் பாறையும் ஏடு ஏடாக உரியும். குன்றின் முதுகு மொழுமொழுவென்று வழுக்கலாக இருப்பதற்கு அதுதான் காரணம்.

இப்போது தண்ணீருக்கு வருகிறேன். நம்மைப் போன்ற இல்லத்தரசிகளுக்கு இதைவிட முக்கியமான விஷயம் வேறு ஏது? மொட்டைப் பாறையில் விழும் மழையைப் பாறை உறிஞ்சிக்கொள்வதில்லை. பெரும்பகுதி வழிந்து அடிவாரத்துக்கு வந்துவிடுகிறது. அங்கே நம் முன்னோர்கள் கண்மாய் வெட்டி அதைப் பிடித்து வைத்தார்கள். ஒரு கண்மாய் நிரம்பினால் அடுத்ததற்கு, அது நிரம்பினால் அதற்கும் அடுத்ததற்கு என்று தண்ணீர் ஓடும். மழையில் கொஞ்சம் பாறை வெடிப்புகளுக்குள் இறங்கித் தங்கிவிடும். அந்த வெடிப்பு எங்கே வெளியே வாய் திறக்கிறதோ, அங்கே கசிந்து சுனையாகிறது. இந்தக் குன்றுகளைச் சார்ந்து 72 ஏரிகளும் 200 இயற்கைச் சுனைகளும் 3 தடுப்பணைகளும் இருப்பதாக அரசாங்கமே கணக்குச் சொல்கிறது. அவற்றில் ஒன்றான ஆனைகொண்டான் ஏரி பாண்டியர்கள் வெட்டியதாம்.

நாங்கள் போயிருந்தபோது அடிவாரத்தில் ஒரு பாட்டி ஆடு மேய்த்துக்கொண்டிருந்தார். எழுபது வயதுக்கு மேல் இருக்கும். கையில் ஒரு குச்சி, இடுப்பில் சுருக்குப் பை. "இந்தப் பாறையிலே தண்ணி எப்படிப் பாட்டி நிக்குது?" என்று கேட்டேன்.

"மழை பேஞ்சா மொதல்ல மலை குடிக்கும் தாயி. அது குடிச்ச மிச்சத்தைத்தான் கம்மாய்க்கு விடும். அப்புறம் கோடையிலே கம்மாய் வத்திப்போனா, மலை தான் குடிச்சதைக் கொஞ்சம் கொஞ்சமாக் கக்கும். அதை வச்சுத்தான் ஆடு மாடு, நாங்க எல்லாம் பொழைக்கிறோம். மலையை ஒடச்சுப்புட்டா எங்களுக்கு ஆரு தண்ணி குடுப்பா?" என்றார்.

புத்தகத்தில் நாலு பக்கத்துக்குப் படம் போட்டு விளக்குவதைப் பாட்டி நாலு வரியில் சொல்லிவிட்டார்!

கழிஞ்சமலையில் இயற்கையாக அமைந்த ஒரு குகை இருக்கிறது. இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்னால் சமணத் துறவிகள் தங்கியிருந்த இடம். குகைக்கு மேலே பாறையின் நெற்றியில் நீளமாக ஒரு காடி வெட்டியிருக்கிறார்கள். மழைத் தண்ணீர் பாறையில் வழிந்து உள்ளே வராமல், காடியிலேயே விழுந்து வெளியே சொட்டிவிடும். நம் வீட்டு ஜன்னலுக்கு மேலே சன்ஷேடு வைக்கிறோமே, அதே யோசனைதான்!

காடிக்குக் கீழே தமிழ் பிராமி எழுத்தில் கல்வெட்டு இருக்கிறது. நெல்வேலிச் செழியன் அதினன் வெளியன் என்பவர் இந்தக் குகையைச் செய்வித்துக் கொடுத்ததாக அதில் இருக்கிறது. 1971-ல் இதைக் கண்டுபிடித்தார்கள். வேடிக்கை என்னவென்றால், அதே குகையில் இன்னொரு கல்வெட்டு 2003 வரை யார் கண்ணிலும் படவில்லை. அதில் இலஞ்சி வேள் குடும்பத்தைச் சேர்ந்த எமயவன் என்பவரின் பெயர் வருகிறது. இலஞ்சி, குற்றாலத்துக்குப் பக்கத்தில் இருக்கும் ஊர். பஸ்ஸும் இல்லாத காலத்தில் அவ்வளவு தூரத்தில் இருந்தவர்களுக்கு இந்த மலையோடு சம்பந்தம் இருந்திருக்கிறது, பாருங்கள்.

பக்கத்திலேயே பாறையில் மகாவீரர் உட்கார்ந்திருக்கிறார். சுமார் ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் செதுக்கிய உருவம். மேலே சுதை பூசி வண்ணம் தீட்டியிருந்தது இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. கீழே வட்டெழுத்தில் ஒரு கல்வெட்டு. இந்த மலைக்கு அந்தக் காலத்தில் திருப்பிணையன் மலை என்று பெயர் என்பது அதிலிருந்துதான் தெரிகிறது.

மலையின் இன்னொரு பக்கம் சிவன் கோயில். கல்லை அடுக்கிக் கட்டிய கோயில் இல்லை. பாறையையே குடைந்து, உள்ளே சிவலிங்கத்தையும் அந்தப் பாறையிலேயே செதுக்கியிருக்கிறார்கள். முற்காலப் பாண்டியர் காலத்தது. ஊரில் இதை இடைச்சி மண்டபம் என்கிறார்கள். வாசலில் துவாரபாலகர்கள். வெளியே ஒரு பக்கம் பிள்ளையார், மறு பக்கம் லகுலீசர். கையில் தண்டு வைத்திருக்கும் லகுலீசரைத் தமிழ்நாட்டில் மிகச் சில இடங்களில்தான் பார்க்க முடியும். சமணத் துறவிகளின் குகையும் சிவன் கோயிலும் ஒரே மலையில் இருக்கின்றன. ஒன்றை இடித்துவிட்டு இன்னொன்றைக் கட்டவில்லை. இதைக் குழந்தைகளுக்கு அவசியம் சொல்லுங்கள்.

தலையை நிமிர்த்தி வானத்தையும் பாருங்கள். இங்கே சுமார் 250 வகைப் பறவைகளைக் கணக்கெடுத்திருக்கிறார்கள். லகர் வல்லூறு, ஷாகின் வல்லூறு, ராசாளிப் பருந்து என்று மூன்று முக்கியமான வேட்டைப் பறவைகள் இங்கே வாழ்கின்றன. இவற்றுக்குக் கூடு கட்ட ஆள் ஏற முடியாத செங்குத்துப் பாறை வேண்டும். இந்தக் குன்றுகள் போனால் அவை வேறு எங்கே போகும்? எறும்புத்தின்னி, தேவாங்கு, மலைப்பாம்பு எல்லாம்கூட இங்கே உண்டு. பயப்பட வேண்டாம்! எறும்புத்தின்னியும் தேவாங்கும் ராத்திரியில்தான் வெளியே வரும்.

இவ்வளவும் இருப்பதால்தான் 2022 நவம்பரில் அரிட்டாபட்டியையும் பக்கத்து மீனாட்சிபுரத்தையும் சேர்த்து சுமார் 193 ஹெக்டேர் இடத்தைப் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலம் என்று தமிழ்நாடு அரசு அறிவித்தது. ஏக்கரில் சொன்னால் ஏறக்குறைய 477. தமிழ்நாட்டிலேயே இந்தப் பெயர் கிடைத்த முதல் இடம் இதுதான்.

"அப்பாடா, இனிமேல் கவலை இல்லை" என்று ஊர்க்காரர்கள் மூச்சு விட்டிருப்பார்கள். ஆனால் சரியாக இரண்டு வருஷத்தில் பெரிய கவலை வந்தது. 2024 நவம்பர் 7-ந் தேதி, மேலூர் பக்கத்தில் டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் முடிந்துவிட்டதாக மத்திய அரசின் அறிவிப்பு வெளியானது. டங்ஸ்டன் என்பது பழைய குண்டு பல்புக்குள் எரியுமே ஒரு மெல்லிய இழை, அந்த உலோகம்தான். ஏலம் விட்ட இடம் சுமார் 2,015 ஹெக்டேர். அரிட்டாபட்டியின் பாரம்பரியத் தலமும் அதற்குள் அடக்கம்!

மேலூர் பக்கத்து மக்களுக்குக் கல் உடைப்பது என்றால் என்னவென்று யாரும் சொல்லித் தரத் தேவையில்லை. கிரானைட் வெட்டி வெட்டிப் பாதாளமாகக் கிடக்கும் பள்ளங்கள் அந்த வட்டாரத்தில் நிறைய உண்டு. 2012-ல் கிரானைட் முறைகேடு வெளியே வந்து நாடே பேசியதும், 2014-ல் உயர் நீதிமன்றம் சகாயம் அவர்களை விசாரணைக்கு நியமித்ததும் உங்களுக்கு ஞாபகம் இருக்கலாம். மலை போன இடத்தில் வயலும் கண்மாயும் என்ன ஆகின்றன என்பதைக் கண்ணால் பார்த்தவர்கள் அவர்கள்.

அதனால் சும்மா இருக்கவில்லை. 2024 நவம்பர் 23-ந் தேதி நடந்த கிராம சபைக் கூட்டங்களில் சுரங்கம் வேண்டாம் என்று தீர்மானம் போட்டார்கள். டிசம்பர் 9-ந் தேதி சட்டசபையிலும் தீர்மானம் நிறைவேறியது. 2025 ஜனவரி 7-ந் தேதி ஆயிரக்கணக்கானவர்கள் மதுரைக்கு நடந்தே வந்தார்கள். அதில் பெண்கள் கூட்டம் கூட்டமாக வந்ததைப் பத்திரிகைப் படங்களில் நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஜனவரி 23-ந் தேதி ஏலம் ரத்து என்று அறிவிப்பு வந்தது. இரண்டரை மாதம்தான்!

பாட்டியிடம் இதைப் பற்றியும் கேட்டேன். "நீங்களும் போனீங்களா பாட்டி?"

"போகாம? ஆட்டைப் பக்கத்து வீட்டிலே கட்டிப்போட்டுட்டுப் போனேன். குடிதண்ணிக் கொடத்தை ஒருத்தன் ஒடைக்க வந்தா வீட்டுக்குள்ள உக்காந்திருப்பியா நீ?" என்று என்னையே திருப்பிக் கேட்டார்.

அந்தக் கேள்வி இன்னமும் என் மனசில் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. கிராம சபை, தீர்மானம் என்றால் நாம் அது ஆண்கள் விஷயம் என்று ஒதுங்கிவிடுகிறோம். தண்ணீர் வராவிட்டால் குடத்தைத் தூக்கிக்கொண்டு அலைவது யார்? ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருஷத்தில் ஆறு நாள் கிராம சபை கூடுகிறது. ஊராட்சியில் ஓட்டு இருக்கிற யாரும் போகலாம், பேசலாம். கிராமத்தில் இருக்கும் சகோதரிகள் காலண்டரில் இந்தத் தேதிகளை இப்போதே குறித்து வையுங்கள். சமையலைக் கொஞ்சம் சீக்கிரம் முடித்துவிட்டுப் போய் உட்காருங்கள். பேசக் கூச்சமாக இருந்தாலும் பரவாயில்லை. எத்தனை பெண்கள் வந்திருக்கிறார்கள் என்பதே ஒரு பேச்சுதான்.

பட்டணத்தில் இருக்கும் நாம் என்ன செய்யலாம்? நம் அடுக்களையிலேயே ஒரு காரியம் இருக்கிறது. எங்கள் வீட்டுச் சமையல் மேடைக் கல் போட்டு 18 வருஷம் ஆகிறது. போன மாதம் சிங்க் குழாய் மாற்ற வந்த மேஸ்திரி, "பழசாயிடுச்சும்மா, எடுத்துட்டுப் புதுசா கருப்பு கிரானைட் போட்டுடலாம்" என்றார்.

"கல்லுக்கு என்னப்பா பழசு? பாலிஷ் போட்டாப் போதாதா?" என்று கேட்டேன். தலையைச் சொறிந்துகொண்டு, "போதும்மா" என்றார்! பாலிஷ் போட்டு, சிங்க் ஓரத்து இடுக்குகளில் ஒயிட் சிமெண்ட் பூசியதும் கல் கண்ணாடி மாதிரி ஆகிவிட்டது. செலவும் புதுக் கல்லில் ஒரு சிறு பங்குதான் ஆனது.

என் பாட்டி அரைத்த அம்மியில்தான் என் அம்மாவும் அரைத்தார். வழவழப்பாகிவிட்டால் அம்மி கொத்துகிறவரைக் கூப்பிட்டுக் கொத்திக்கொள்வார்களே தவிர, புது அம்மி வாங்க வேண்டும் என்று யாரும் நினைத்ததில்லை. மலையிலிருந்து வெட்டுவதெல்லாம் நம் வீட்டுக்கு வந்து சேர்வதும் இல்லை. விரிசல் விட்டது, நிறம் சேராதது என்று ஒதுக்கிய கல் குவாரி ஓரத்தில் மலை மலையாகக் குவிந்து கிடக்கும். வெட்டிய மரம் திரும்பத் துளிர்க்கும், வெட்டிய மலை வளராது. ஆகவே தேவை இருந்தால் வாங்குங்கள். அழகு மாற்றத்துக்காக மட்டும் நல்ல கல்லைப் பெயர்க்காதீர்கள்.

இருக்கும் கல்லை நன்றாக வைத்துக்கொள்ள ஒரு குறிப்பு. கிரானைட் மேடையைத் தினமும் பாத்திரம் தேய்க்கும் சோப்பை நிறையத் தண்ணீரில் கரைத்து, மெல்லிய துணியால் துடைத்தாலே போதும். பாத்ரூம் கழுவும் ஆசிடைக் கிட்டே கொண்டுபோக வேண்டாம். உங்கள் மேடை கடப்பாக்கல் என்றால் எலுமிச்சம்பழமும் புளித்தண்ணீரும் சிந்தியவுடனே துடைத்துவிடுங்கள். அது சுண்ணாம்புக்கல் வகை. புளிப்பு பட்டால் அரித்து வெள்ளைத் திட்டு விழும்.

சரி, அரிட்டாபட்டிக்குப் போகிறவர்களுக்குச் சில யோசனைகள்:

டிசம்பரிலிருந்து பிப்ரவரி வரை நல்ல காலம். மழை முடிந்து சுனைகளில் தண்ணீர் இருக்கும். காலை ஏழு மணிக்கெல்லாம் அங்கே இருப்பது போல் கிளம்புங்கள். பத்து மணிக்கு மேல் பாறை தோசைக்கல் மாதிரி சுடும்.

மதுரை மாட்டுத்தாவணியிலிருந்து மேலூர் போகும் பஸ்ஸில் ஏறி நரசிங்கம்பட்டியில் இறங்கினால், அங்கிருந்து ஆட்டோ பேசிக்கொள்ளலாம். நரசிங்கம்பட்டியில் நிற்குமா என்று ஏறும்போதே கண்டக்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

மலையில் கடை கண்ணி எதுவும் கிடையாது. ஆளுக்கு ஒரு பெரிய பாட்டில் தண்ணீர், புளியோதரை அல்லது தயிர் சாதம், குழந்தைகளுக்குத் தொப்பி, வெல்லம் போட்ட எலுமிச்சைச் சாறு எடுத்துப் போங்கள். வழுக்காத செருப்பு அவசியம். ஈரப் பாறையில் ஏற வேண்டாம். கைக்குழந்தைக்காரிகள் அடிவாரத்தோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

மலைத்தேனீ கூடு கட்டும் இடம். கற்பூரம், ஊதுபத்திப் புகை, பட்டாசு, பலத்த சத்தம் எதுவும் வேண்டாம். குழந்தைகள் கல்லெறியாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சுனைத் தண்ணீரைக் குடிக்கவும் வேண்டாம், அதில் சோப்புப் போட்டுக் கை கழுவவும் வேண்டாம். ஆடு மாடுகளும் பறவைகளும் குடிக்கிற தண்ணீர் அது.

கல்வெட்டின் மேல் சாக்பீஸ் தேய்த்து எழுத்தைப் பார்ப்பது, பாறையில் பெயர் எழுதுவது, மகாவீரரைத் தொட்டுத் தடவுவது எல்லாம் கூடவே கூடாது. இரண்டாயிரம் வருஷம் நின்ற எழுத்து நம் குழந்தை கையால் அழிய வேண்டாம். கொண்டுபோன பிளாஸ்டிக் கவரை எல்லாம் திரும்பக் கொண்டுவந்துவிடுங்கள்.

உங்கள் ஊர்ப் பக்கத்திலும் இப்படி யாரும் கண்டுகொள்ளாத ஒரு பாறையோ குன்றோ நிச்சயம் இருக்கும். அதன் பெயர் என்ன, அதில் எத்தனை சுனை, அதிலிருந்து எந்தக் கண்மாய்க்குத் தண்ணீர் போகிறது என்று உங்கள் வீட்டுப் பெரியவர்களைக் கேட்டு எனக்கு எழுதுங்கள். அவர்கள் இருக்கும்போதே கேட்டு வைத்துக்கொள்வது நல்லது. அடுத்த இதழில் சந்திப்போம்.